ஓ.டி.ஜி. சூடாகவில்லையா? மூடியைக் கழற்றும் முன் பிளக்கிலிருந்தே பழுதைக் கண்டறியும் முறை

கேக், பிஸ்கட், பீட்சா போன்றவற்றைச் சுடுவதற்காக வீடுகளில் வாங்கி வைக்கும் ஓ.டி.ஜி. (ஓவன், டோஸ்டர், கிரில்லர்) வகை மின் ஓவன் உள்ளமைப்பில் மிக எளிமையானது. பழுதாகக்கூடிய உறுப்புகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஆனாலும் அது ஒரு நாள் சூடாகாமல் நின்றுவிட்டால், சிலர் உடனே ஸ்குரூடிரைவரை எடுத்து மூடியைக் கழற்றத் தொடங்குகிறார்கள். வேறு சிலர், 'உள்ளே போர்டு போய்விட்டது' என்று கடையில் சொல்லப்படுவதை அப்படியே நம்பிப் பெருந்தொகையைக் கொடுத்துவிடுகிறார்கள். குமிழ்களைத் திருகி இயக்கும் ஓ.டி.ஜி.களில் போர்டு எனப்படும் மின்னணுச் சுற்றுப் பலகை பெரும்பாலும் இருப்பதே இல்லை. மின்னிணைப்பைத் துண்டித்துவிட்டு, பிளக்கின் மூன்று பின்களையும் மின்தடையையும் மின்னழுத்தத்தையும் அளக்கும் ஒரு சாதாரண மல்டிமீட்டரால் அளந்தாலே, பழுது எந்தப் பகுதியில் இருக்கிறது என்பதில் பெரும்பகுதியைத் தெரிந்துகொள்ளலாம். அதன் பிறகு மூடியைக் கழற்றுவதா, மெக்கானிக்கை அழைப்பதா என்பதை முடிவு செய்வது எளிது.

தொடங்கும் முன் ஓர் எச்சரிக்கை. இங்கே சொல்லப்படுபவை மைக்ரோவேவ் ஓவனுக்குப் பொருந்தா. மைக்ரோவேவின் உள்ளே மின்மாற்றியும் மின்தேக்கியும் சேர்ந்து சில ஆயிரம் வோல்ட் அளவுக்கு மின்னழுத்தத்தை உண்டாக்குகின்றன. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அந்த மின்தேக்கியில் உயிரைப் பறிக்கும் அளவு மின்னேற்றம் தங்கியிருக்கலாம். கன்வெக்‌ஷன் வசதி உள்ள மைக்ரோவேவுக்கும் இது பொருந்தும். பயிற்சி பெறாத எவரும் அவற்றைத் திறக்கக் கூடாது.

மின்சாரம் செல்லும் வழி

பழுதைத் தேடுவதற்கு, மின்சாரம் எந்த வரிசையில் செல்கிறது என்பதை மனத்தில் வைத்துக்கொள்வது போதும். பிளக்கிலிருந்து மின்சாரத்தைக் கொண்டுவரும் பேஸ் கம்பி, பொதுவாக ஒரு தெர்மல் பியூஸ் (சூடு எல்லை மீறினால் அறுந்து மின்சாரத்தைத் துண்டிக்கும் உறுப்பு) வழியாக டைமருக்கும், அங்கிருந்து சூட்டின் அளவைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டுக்கும், பின்னர் மேல் கம்பி, கீழ்க் கம்பி, இரண்டும் என்று தேர்ந்தெடுக்கும் செலக்டர் சுவிட்சுக்கும் சென்று, கடைசியாக சூடேற்றும் கம்பிகளை அடைகிறது. கம்பிகளின் மறுமுனை, மின்சாரம் திரும்பிச் செல்லும் நியூட்ரலோடு இணைந்திருக்கும். மாடலுக்கு மாடல் இந்த வரிசை சற்று மாறலாம். ஆனால் கம்பிகளுக்கு முன்னால் உள்ள உறுப்புகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடராகவே இருக்கும் என்பது மாறாது. எனவே அவற்றில் எந்த ஒன்று அறுந்தாலும் ஓவன் முழுவதும் செயலற்றுப்போகும். மாறாக, மேல் கம்பி மட்டுமோ கீழ்க் கம்பி மட்டுமோ வேலை செய்யவில்லை என்றால், பிளக், பியூஸ், டைமர், தெர்மோஸ்டாட் ஆகிய நான்கும் நன்றாக இருக்கின்றன என்று பொருள். பழுது செலக்டரிலோ அந்தக் கம்பியிலோ அவற்றுக்கு இடைப்பட்ட இணைப்பிலோதான் இருக்க முடியும். இந்த ஒரு வேறுபாட்டைக் கவனித்தாலே தேட வேண்டிய இடம் பாதியாகக் குறைந்துவிடுகிறது.

கம்பிகள் சிவந்து தெரியவில்லை என்பதை மட்டும் வைத்து அவை எரியவில்லை என்று முடிவு செய்ய வேண்டாம். பகல் வெளிச்சத்தில் மங்கிய சிவப்பு கண்ணுக்குத் தெரிவதில்லை. தெர்மோஸ்டாட் இடையிடையே துண்டிக்கும் நேரத்தில் பார்த்தாலும் கம்பி கறுப்பாகவே இருக்கும். ஐயம் இருந்தால், கம்பி வலைத்தட்டின் மேல் பிரெட் துண்டுகளை இடைவெளியின்றிப் பரப்பி, மேல், கீழ் இரண்டும் எரியும்படி செலக்டரை வைத்துச் சில நிமிடங்கள் சூடாக்கிப் பார்க்கலாம். எந்தப் பக்கம் வெளுப்பாகவே இருக்கிறதோ அந்தப் பக்கத்துக் கம்பி வேலை செய்யவில்லை. முன்னும் பின்னுமாக இரண்டிரண்டு கம்பிகள் உள்ள ஓவன்களில், எந்தக் கம்பி என்பதைக்கூட இந்தத் துண்டுகள் காட்டிக்கொடுத்துவிடும்.

முதலில் ஓவனுக்கு வெளியே

ஓவன் பழுதாகிவிட்டது என்று எண்ணப்படும் பல நேரங்களில் ஓவனில் குறை எதுவும் இருப்பதில்லை. டைமர் சுழியத்தில் இருந்தால் மற்றக் குமிழ்களை எப்படித் திருப்பினாலும் மின்சாரம் கம்பிகளுக்குச் செல்லாது. வீட்டில் வேறொருவர் டைமரைச் சுழியத்துக்குத் திருப்பியிருப்பது மிகச் சாதாரணமாக நடப்பது. ஸ்பிரிங் வகை டைமரில் 5 நிமிடம் போன்ற குறைந்த நேரத்தை வைக்கும்போது, குமிழை முதலில் 15 அல்லது 20 வரை திருப்பிவிட்டுப் பிறகு தேவையான இடத்துக்குக் கொண்டுவர வேண்டும்; இல்லாவிட்டால் ஸ்பிரிங் போதிய அளவு முறுக்கேறாமல், டைமர் ஓடாமலோ மணி அடிக்காமலோ நின்றுவிடும். செலக்டர் குமிழ் இரண்டு குறிகளுக்கு நடுவே நின்றிருந்தாலும் இதே நிலைதான். குமிழைத் திருப்பும்போது அதன் தண்டு உள்ளே சேர்ந்து திரும்புகிறதா என்பதையும் பாருங்கள். பிளாஸ்டிக் குமிழின் உட்புறம் விரிந்து வழுக்கத் தொடங்கிவிட்டால், வெளியே 200 என்று காட்டினாலும் உள்ளே தண்டு பழைய இடத்திலேயே நிற்கும்.

அடுத்துப் பார்க்க வேண்டியது சுவிட்ச் போர்டு. 1500 வாட் ஓவன் 230 வோல்ட்டில் ஏறத்தாழ 6.5 ஆம்பியரும், 2000 வாட் ஓவன் ஏறத்தாழ 8.7 ஆம்பியரும் எடுக்கும். இந்த இரண்டையும் பவர் பிளக் என்று வழக்கத்தில் சொல்லப்படும் 16 ஆம்பியர் சாக்கெட்டில்தான் பயன்படுத்த வேண்டும். மாற்று அடாப்டர் வைத்து 6 ஆம்பியர் சாக்கெட்டிலோ, மெல்லிய கம்பியுள்ள எக்ஸ்டென்ஷன் பெட்டியிலோ மாட்டினால், முதலில் சில மாதங்கள் எல்லாம் சரியாக இருப்பதுபோல்தான் தோன்றும். பின்னர் சாக்கெட்டின் உள்ளே உள்ள பித்தளைப் பிடிப்பு சூட்டில் தளர்ந்து, தளர்ந்ததால் மேலும் சூடாகி, கடைசியில் பிளக்கின் பின் கறுத்துவிடும். ஓவனை அரை மணி நேரம் ஓட்டி, சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கியதும் அதன் பிளாஸ்டிக் பகுதியைத் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு இயல்பானது, கை வைக்க முடியாத சூடோ, கருகிய மணமோ, பின்களில் கறுப்போ இருந்தால் பழுது சுவரில் இருக்கிறது. அந்தச் சாக்கெட்டை மாற்றாமல் வேறு ஓவன் வாங்கினாலும் அதற்கும் இதே கதிதான் நேரும். பிளக் கறுத்திருந்தால் சாக்கெட்டையும் பிளக்கையும் சேர்த்தே மாற்ற வேண்டும், ஏனெனில் கறுத்த பின் புதிய சாக்கெட்டையும் கெடுத்துவிடும்.

மின்வெட்டு நேரத்தில் வீட்டு இன்வெர்ட்டரில் ஓவனை ஓட்ட முயல வேண்டாம். விளக்குக்கும் மின்விசிறிக்கும் என்று பொருத்தப்பட்ட 850 அல்லது 900 வி.ஏ. இன்வெர்ட்டரால் 1500 வாட் சுமையைத் தாங்க முடியாது. தொலைக்காட்சிக்கு வைக்கும் சிறிய ஸ்டெபிலைசரும் அப்படித்தான்.

பிளக்கிலிருந்தே அளப்பது

இதற்கு மின்சாதனக் கடைகளில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் டிஜிட்டல் மல்டிமீட்டரே போதும். சாக்கெட்டின் சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, அதை மேசையின் மேல் கண்ணில் படும்படி வையுங்கள். அளந்து முடிக்கும்வரை அது அங்கேயே இருக்கட்டும். சற்று முன் ஓவனைப் பயன்படுத்தியிருந்தால் அது முழுவதும் ஆறும்வரை காத்திருக்க வேண்டும், ஏனெனில் சூடான நிலையில் தெர்மோஸ்டாட் துண்டித்திருந்தால் இல்லாத பழுதை இருப்பதாக மீட்டர் காட்டும். பிறகு டைமரைத் தொடர்ந்து எரியும் நிலைக்கோ 60 நிமிடத்துக்கோ, தெர்மோஸ்டாட்டை உச்ச அளவுக்கும், செலக்டரை மேல், கீழ் இரண்டும் எரியும் இடத்துக்கும் திருப்புங்கள். மீட்டரை மின்தடையை அளக்கும் 200 ஓம் அளவில் வைத்து, பிளக்கின் கீழே உள்ள இரண்டு சமமான பின்களையும் தொட்டு அளந்து பாருங்கள்.

என்ன எண் வர வேண்டும் என்பதை ஓவனின் பின்புறத்தில் ஒட்டியிருக்கும் தகட்டில் உள்ள வாட் அளவிலிருந்து கணக்கிடலாம். 230-ஐ 230-ஆல் பெருக்கினால் 52,900. அதை வாட்டால் வகுத்தால் வருவதே எதிர்பார்க்க வேண்டிய ஓம் அளவு. 1200 வாட்டுக்கு ஏறத்தாழ 44, 1500 வாட்டுக்கு 35, 2000 வாட்டுக்கு 26 ஓம். மீட்டரின் கம்பிகளையே ஒன்றோடொன்று தொடும்போது காட்டும் சிறு அளவைக் கழித்துக்கொண்டால், பத்து விழுக்காடு முன்பின்னாக இருந்தாலும் கவலைப்பட வேண்டியதில்லை. ஓவனுக்குள் விளக்கோ விசிறியோ இருந்தால் எண் சற்றுக் குறைவாக வரலாம்.

இப்போது செலக்டரை மேல் கம்பி மட்டும் என்ற இடத்துக்கும், பிறகு கீழ்க் கம்பி மட்டும் என்ற இடத்துக்கும் மாற்றி மீண்டும் அளந்து பாருங்கள். மேலும் கீழும் சம வாட் கொண்ட 1500 வாட் ஓவனில் ஒவ்வொரு முறையும் 70 ஓமை ஒட்டி வர வேண்டும். ஒன்றில் 70 வந்து மற்றொன்றில் மீட்டர் அளவு எதையும் காட்டாமல் (இணைப்பு இல்லை என்பதன் குறியாக 1 அல்லது OL என்று மட்டும்) நின்றால், பழுது அந்தப் பக்கத்துக் கம்பியில் அல்லது செலக்டரில் உள்ள அதன் இணைப்பில் இருக்கிறது. 70 வர வேண்டிய இடத்தில் 140 வந்தால், இணையாகப் பொருத்தப்பட்ட இரண்டு கம்பிகளில் ஒன்று அறுந்து, மற்றொன்று மட்டும் வேலை செய்கிறது. 'ஓவன் சூடாகிறது, ஆனால் முன்பு போல இல்லை' என்ற குறைபாட்டுக்கு இது ஒரு முக்கியக் காரணம். வெளியிலிருந்து பார்த்து இதைக் கண்டுபிடிப்பது கடினம். வேறு சில மாடல்களில் மேலே உள்ள இரண்டு கம்பிகளும் தொடராக இணைக்கப்பட்டிருக்கும். அவற்றில் ஒன்று அறுந்தாலே இரண்டும் அணைந்துவிடும் என்பதால், ஒன்றுக்காக இரண்டையும் மாற்றிவிடாமல், தனித்தனியே அளந்து பார்த்தே வாங்க வேண்டும்.

செலக்டர் எந்த இடத்தில் இருந்தாலும் மீட்டர் அசையவில்லை என்றால், தொடர்வரிசையில் உள்ள உறுப்புகளில் ஒன்று அறுந்திருக்கிறது. மீட்டரின் முனைகளைப் பிளக்கில் பிடித்தபடியே, மற்றொருவரை மின்கம்பியை அசைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பிளக்கின் கழுத்திலும் ஓவனுக்குள் கம்பி நுழையும் இடத்திலும் மடங்கி மடங்கி உள்ளே அறுந்திருப்பது வழக்கம். அசைக்கும்போது எண் வந்து வந்து போனால் மின்கம்பியை மாற்றினால் போதும். அடுத்து டைமரை முன்னும் பின்னும் சில முறை மெதுவாகத் திருப்புங்கள். ஏதேனும் ஓரிடத்தில் எண் தோன்றினால் டைமரின் தொடுமுனை கருகியிருக்கிறது. தெர்மோஸ்டாட்டையும் இதேபோல் திருப்பிப் பார்க்கலாம். எதற்கும் மசியவில்லை என்றால் தெர்மல் பியூஸ் போயிருக்க வாய்ப்பு மிகுதி. அதை மூடியைக் கழற்றித்தான் உறுதிசெய்ய முடியும். விளக்கு உள்ள சில மாடல்களில், கம்பிகள் அனைத்தும் துண்டாகியிருந்தாலும் விளக்கின் குளிர்ந்த இழை வழியாக 100 முதல் 300 ஓம் வரை ஓர் எண் தோன்றக்கூடும். அதைக் கம்பியின் அளவு என்று எண்ணிவிடக் கூடாது; செலக்டரைத் திருப்பியும் அந்த எண் மாறாமலே இருப்பது அதன் அடையாளம்.

இவற்றைவிட முக்கியமான இரண்டு அளவுகள் மீதமிருக்கின்றன. பிளக்கின் மேலே உள்ள பெரிய பின் எர்த். மீட்டரின் ஒரு முனையை அதிலும் மற்றொரு முனையை ஓவனின் வெளி உலோகத்திலும் வைத்தால் 1 ஓமுக்கும் குறைவாகக் காட்ட வேண்டும். பெயின்ட் மின்சாரத்தைக் கடத்தாது என்பதால், பெயின்ட் இல்லாத ஒரு திருகின் தலையிலோ உள்ளே உள்ள உலோகச் சுவரிலோ தொட்டு அளந்து பாருங்கள். இந்த அளவு வரவில்லை என்றால், ஓவன் நன்றாகச் சூடாகிக்கொண்டிருந்தாலும் அதைப் பயன்படுத்துவதை நிறுத்த வேண்டும். அடுத்து, மீட்டரை அதன் மிக உயர்ந்த ஓம் அளவுக்கு மாற்றி, எர்த் பின்னுக்கும் மற்ற இரண்டு பின்களுக்கும் இடையே தனித்தனியே அளந்தால் எந்த எண்ணும் வரக் கூடாது. எண் வந்தால் மின்சாரம் ஓவனின் உடலுக்குக் கசிகிறது.

டிரிப் ஆவதும் ஷாக் அடிப்பதும்

ஓவனைப் போட்டதும் மின்சாரம் போய்விடுகிறது என்றால், மீட்டர் பெட்டியில் எந்த சுவிட்ச் கீழே விழுந்திருக்கிறது என்று பாருங்கள். எம்.சி.பி. (சுமை மிகுந்தாலோ ஷார்ட் ஆனாலோ துண்டிக்கும் சுவிட்ச்) மட்டும் விழுந்திருந்தால், அந்த இணைப்பில் சுமை மிகுந்துவிட்டது அல்லது உள்ளே பேஸும் நியூட்ரலும் ஒன்றோடொன்று முட்டிக்கொள்கின்றன. ஓவனோடு சேர்த்து வாட்டர் ஹீட்டரோ இன்டக்‌ஷன் அடுப்போ அதே இணைப்பில் ஓடும்போது மட்டும் விழுந்தால் அது சுமை. ஓவன் மட்டும் இருக்கும்போதே, போட்ட நொடியில் விழுந்தால் அது ஷார்ட். பழைய வீடுகளில் பியூஸ் கட்டை கருகுவதும் இதே காரணங்களால்தான். அப்போது கட்டையில் தடித்த கம்பியைச் சுற்றி வைப்பது, எரிய வேண்டிய இடத்தை பியூஸிலிருந்து சுவருக்குள் இருக்கும் ஒயருக்கு மாற்றிவிடும்.

மின்கசிவு ஏற்பட்டால் துண்டிக்கும் சுவிட்சான ஆர்.சி.சி.பி. விழுந்தால் பொருளே வேறு. வீடுகளில் பொதுவாகப் பொருத்தப்படும் ஆர்.சி.சி.பி. 30 மில்லி ஆம்பியருக்குள் கசிவை உணர்ந்து துண்டிக்கும். அது விழுகிறது என்றால் ஓவனின் பேஸிலிருந்து எர்த்துக்கு மின்சாரம் கசிகிறது. இதன் காரணத்தைப் புரிந்துகொள்ளக் கம்பியின் அமைப்பைத் தெரிந்துகொள்ள வேண்டும். எஃகுக் குழாய்க்குள் நிக்ரோம் என்ற நிக்கல், குரோமியக் கலவையாலான சுருள் இருக்கும். சுருள் குழாயைத் தொடாதபடி இடையில் மக்னீசியம் ஆக்சைடு தூள் இறுக்கமாக நிரப்பப்பட்டிருக்கும். அந்தத் தூள் ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. ஐப்பசி, கார்த்திகை மழையில் பயன்படுத்தாமல் மூடி வைத்துவிட்டு, மார்கழியில் கிறிஸ்துமஸ் கேக்குக்காக எடுக்கும்போது ஓவன் டிரிப் ஆவதற்கு இதுவே பெரும்பாலும் காரணம். கம்பியின் ஓரங்களில் உள்ள பீங்கான் முனைகளில் எண்ணெயும் பாலாடைக்கட்டியும் வழிந்து கருகியிருந்தாலும் அதன் வழியாகக் கசியும். கதவைத் திறந்து இரண்டு மூன்று நாள் நல்ல வெயிலில் வைத்தால் வெளியே படிந்த ஈரம் காயும். கம்பிக்குள் இறங்கிய ஈரம் அவ்வளவில் போகாது. அதைப் பட்டறையில் கம்பியைத் தனியே சூடாக்கி உலர்த்துவார்கள், அல்லது புதிய கம்பி மாற்றுவார்கள். டிரிப் ஆகாத இணைப்பு ஒன்றைத் தேடி, எர்த் இல்லாத சாக்கெட்டில் மாட்டி 'ஓட்டிப் பார்ப்பது' ஆபத்திலேயே பெரிய ஆபத்து. கசியும் மின்சாரம் எர்த்துக்குப் பதிலாகத் தொடுபவரின் உடல் வழியே இறங்கும்.

இங்கே மல்டிமீட்டரின் எல்லையையும் சொல்ல வேண்டும். அது சில வோல்ட் அழுத்தத்தில்தான் அளக்கிறது. அந்த அழுத்தத்தில் தெரியாத கசிவு 230 வோல்ட்டில் வெளிப்படலாம். எனவே மீட்டர் கசிவில்லை என்று காட்டியும் ஆர்.சி.சி.பி. விழுந்துகொண்டே இருந்தால், மீட்டரை அல்ல, ஆர்.சி.சி.பி.யைத்தான் நம்ப வேண்டும். உயர் அழுத்தத்தில் கசிவை அளக்கும் 500 வோல்ட் மெகர் கருவி வைத்திருக்கும் எலக்ட்ரீஷியன் இதை ஒரு நிமிடத்தில் உறுதிசெய்துவிடுவார்.

ஓவனின் உடலைத் தொட்டால் சுரீர் என்று ஷாக் அடிக்கிறது என்றால், கசிவும் எர்த் இல்லாமையும் ஒருசேர இருக்கின்றன. ஓவனின் எர்த்தை ஏற்கெனவே அளந்து சரி என்று கண்டிருந்தால், எர்த் துண்டாகியிருப்பது வீட்டு ஒயரிங்கில். அது ஓவனை மட்டுமல்ல, அந்த இணைப்பில் உள்ள குளிர்சாதனப் பெட்டி, வாஷிங் மெஷின் எல்லாவற்றையும் பாதிக்கும் என்பதால், ஓவனைச் சரிசெய்யும் முன்பே எலக்ட்ரீஷியனை அழைத்து அதைப் பார்க்கச் செய்ய வேண்டும். டெஸ்டரின் சிறு விளக்கு மிகச் சிறிய கசிவுக்கும் ஒளிரும். ஆகவே அது ஒளிர்வதை மட்டும் வைத்து அளவை முடிவு செய்ய முடியாது.

சூடாகிறது, ஆனால் சரியாக வேகவில்லை

கம்பிகள் நன்றாக இருந்தும் கேக் நடுவில் மாவாக நின்றால், மின்னழுத்தத்தையும் தெர்மோஸ்டாட்டையும் பார்க்க வேண்டும். கம்பி தரும் வெப்பம் மின்னழுத்தத்தின் இருமடிக்கு ஏற்ப மாறும். 230 வோல்ட்டில் 1500 வாட் தரும் ஓவன் 200 வோல்ட்டில் 1134 வாட்டும், 180 வோல்ட்டில் வெறும் 919 வாட்டும்தான் தரும். மாலை நேரத்தில் தெருவெங்கும் சுமை கூடி அழுத்தம் இறங்கும் ஊர்களில், காலையில் 40 நிமிடத்தில் வெந்த கேக் மாலையில் ஒரு மணி நேரமாகியும் வேகாமலிருப்பதற்கு இதுவே விளக்கம். ஓவன் ஓடும்போது அழுத்தம் எவ்வளவு இறங்குகிறது என்பதை, சாக்கெட்டில் செருகிப் பார்க்கும் சிறு வோல்ட் மீட்டரை அதே போர்டின் மற்றொரு சாக்கெட்டில் மாட்டி அறியலாம். ஓவனைப் போட்டதும் 20 வோல்ட் அளவுக்கு இறங்கினால், சுவருக்குள் எங்கோ தளர்ந்த இணைப்போ, தேவைக்கு மெல்லிய ஒயரோ இருக்கிறது.

தெர்மோஸ்டாட்டைச் சோதிக்க ஓவன் தெர்மாமீட்டர் ஒன்றை நடுத்தட்டில் வைத்து, 180 டிகிரி செல்சியஸில் அரை மணி நேரம் காலியாக ஓட்டுங்கள். அளவு 10, 15 டிகிரி ஏறி இறங்குவது பழுதல்ல. இரு உலோகத் தகடு வளைந்து துண்டிப்பதும் ஆறி மீண்டும் இணைவதுமே அதன் வேலை. எப்போதும் 30 டிகிரி குறைவாகவே நிற்கிறது என்பதுபோல ஒரே சீராக வித்தியாசம் இருந்தால், குமிழை அதற்கேற்பக் கூட்டி வைத்துக்கொள்வது எளிய தீர்வு. ஓவனைப் பிரிப்பதைவிட அதுவே மேல் என்பது என் கருத்து. தெர்மாமீட்டர் இல்லாதவர்கள் சர்க்கரையைக் கொண்டு பார்க்கலாம். சர்க்கரை 186 டிகிரியை ஒட்டி உருகும். தாள் விரித்த தட்டில் ஒரு தேக்கரண்டி சர்க்கரையைப் பரப்பி, நன்றாகச் சூடேறிய ஓவனில் 175 டிகிரியில் கால் மணி நேரம் வைத்தால் அது உருகக் கூடாது; 190-இல் வைத்தால் உருக வேண்டும்.

தெர்மோஸ்டாட் துண்டிக்கவே மறுத்தால் நிலைமை தீவிரமானது. குமிழை 100 டிகிரியில் வைத்து இருபது நிமிடம் ஆன பின்னும் கம்பிகள் தொடர்ந்து எரிந்துகொண்டிருந்தால், தொடுமுனைகள் ஒன்றோடொன்று உருகி ஒட்டியிருக்கின்றன. அந்த ஓவனை மேற்கொண்டு பயன்படுத்தக் கூடாது. இதைச் சிவப்பு விளக்கைப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். சில மாடல்களில் அந்த விளக்கு தெர்மோஸ்டாட்டோடு சேர்ந்து அணையும், வேறு சிலவற்றில் டைமர் ஓடும்வரை எரிந்துகொண்டே இருக்கும்.

மேல்பாகம் கருகி உள்ளே வேகாமலிருப்பது பெரும்பாலும் தட்டின் உயரமும் செலக்டரின் நிலையும் சார்ந்தது. கேக்குக்குக் கீழ்க் கம்பியை மட்டும் போட்டுப் பார்த்த பிறகே பழுதைத் தேடுங்கள். புதிய ஓவனில் முதல் முறை புகை வருவது, கம்பிகளின் மேல் பூசப்பட்ட எண்ணெய் எரிவதால்.

மூடியைக் கழற்றினால்

உத்தரவாதக் காலம் முடியாத ஓவனைத் திறக்க வேண்டாம். முடிந்துவிட்டதென்றால், பிளக் சுவரில் இல்லை என்பதை மீண்டும் ஒரு முறை பார்த்துவிட்டு, பின்புறத்திலும் பக்கங்களிலும் உள்ள திருகுகளைக் கழற்றி மூடியை எடுங்கள். உள்தகடுகளின் ஓரங்கள் கத்தி போலிருக்கும். தடித்த கையுறை அணிவது நல்லது. எந்த ஒயரையும் பிடுங்கும் முன் பல கோணங்களில் கைபேசியில் படமெடுத்துக்கொள்ளுங்கள்.

பெரும்பாலான பழுது கண்ணுக்கே தெரியும். ஒயரின் முனையில் இருக்கும் லக் எனப்படும் உலோகச் செருகி தளர்ந்து, கறுத்து, அதன் உறை பொரிந்திருந்தால் அதுதான் இடம். கடற்கரையை ஒட்டிய ஊர்களில் இந்தச் செருகிகள் உப்புக்காற்றால் அரிக்கப்படுவதும், எந்த ஊரிலும் வெதுவெதுப்பைத் தேடிவரும் கரப்பான்பூச்சிகள் சுவிட்சுகளுக்குள் குடியேறுவதும் உண்டு. கருகிய செருகியைத் தேய்த்து மீண்டும் மாட்டுவது சில வாரங்களே தாங்கும். ஒயரைச் சற்று வெட்டி, வெப்பம் தாங்கும் புதிய செருகியை இடுக்கியால் இறுக்கிப் பொருத்த வேண்டும். ஒயர் மாற்ற வேண்டியிருந்தால் கண்ணாடி இழையோ சிலிக்கோனோ உறையாகக் கொண்ட ஒயரையே பயன்படுத்துங்கள். வீட்டு ஒயரிங்குக்கான பி.வி.சி. ஒயர் பொதுவாக 70 டிகிரி வரை மட்டுமே தாங்கக்கூடியது. இன்சுலேஷன் டேப்புக்கு ஓவனுக்குள் இடமே இல்லை.

தெர்மல் பியூஸ் சிறிய உலோகக் குப்பி வடிவில், பெரும்பாலும் வெள்ளை உறைக்குள் ஒளிந்திருக்கும். ஒரு முறை அறுந்தால் மீண்டும் இணையாது. அதன் இரு முனைகளையும் ஒரு துண்டு ஒயரால் இணைத்து ஓவனை ஓடவைக்கும் மெக்கானிக்குகள் இருக்கிறார்கள். அதைச் செய்ய அனுமதிக்காதீர்கள், ஏனெனில் தெர்மோஸ்டாட் ஒட்டிக்கொள்ளும் நாளில் சமையலறை தீப்பிடிக்காமல் தடுக்கும் கடைசி உறுப்பு அதுதான். மேலே அச்சிட்டிருக்கும் அதே டிகிரியும் அதே ஆம்பியரும் கொண்டதையே வாங்க வேண்டும். சென்னை ரிட்சி தெரு போன்ற எலக்ட்ரானிக்ஸ் உதிரிபாகச் சந்தைகளில் அது மலிவாகவே கிடைக்கும். அதை ஈயப்பற்று வைத்து இணைக்கக் கூடாது. வழக்கமான ஈயப்பற்று 183 டிகிரியிலேயே உருகத் தொடங்கும் என்பதோடு, பற்றுவைக்கும் சூடே பியூஸை அறுத்துவிடும். பியூஸ் ஏன் போனது என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். சுத்தம் செய்வதற்கு எளிதென்று கீழ்த்தட்டு முழுவதும் அலுமினியத் தாள் விரிப்பதும், ஓவனைச் சுவரோடு ஒட்டி வைப்பதும் வெப்பத்தை உள்ளேயே தேக்கி அதை அறுக்கக்கூடியவை.

சூடேற்றும் கம்பியை மாற்றும்போது நீளம், வாட், வோல்ட் மூன்றும் பழையதோடு ஒத்திருக்க வேண்டும். தொடராக இணைந்த மாடல்களில் ஒவ்வொரு கம்பியும் 115 வோல்ட்டுக்கு உரியதாக இருக்கும் என்பதால், நீளம் பொருந்துகிறது என்று 230 வோல்ட் கம்பியை மாட்டினால் வெப்பம் மிகவும் குறைந்துவிடும். பழைய கம்பியைக் கையோடு எடுத்துச்செல்வதே சிறந்தது. டைமர், தெர்மோஸ்டாட், செலக்டர் ஆகியவற்றைப் பிரித்துச் சரிசெய்ய முயலாமல் முழுதாக மாற்றிவிடுங்கள். அவற்றை வாங்கும்போது ஆம்பியர் அளவு பழையதைவிடக் குறையாமலும், தண்டின் வடிவம் குமிழுக்குப் பொருந்தும்படியும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மூடியைப் பொருத்திய பிறகு, சாக்கெட்டில் மாட்டும் முன், பிளக்கிலிருந்து எடுத்த எல்லா அளவுகளையும் மீண்டும் ஒரு முறை எடுங்கள். குறிப்பாக எர்த் பின்னுக்கும் ஓவனின் உடலுக்கும் இடையிலான அளவையும், எர்த்துக்கும் மற்ற இரு பின்களுக்கும் இடையிலான அளவையும். மூடியைப் போடும்போது ஏதேனும் ஒயர் இடுக்கில் நசுங்கியிருந்தால் இந்த அளவில் தெரிந்துவிடும். பின்னர் ஆர்.சி.சி.பி. உள்ள இணைப்பில் மாட்டி, ஜன்னலைத் திறந்து வைத்து, 200 டிகிரியில் இருபது நிமிடம் காலியாக ஓட்டுங்கள். முதல் முறை அதை விட்டு நகராமல் அருகிலேயே இருங்கள். புதிய கம்பியின் எண்ணெய்ப் புகை சில நிமிடங்களில் அடங்கிவிடும். அடங்காமல் பிளாஸ்டிக் கருகும் மணம் வந்தால், ஓவனைத் தொடாமல் சுவர் சுவிட்சை அணைத்துவிட்டு, முழுவதும் ஆறிய பிறகு அந்த மணம் வந்த பக்கத்து ஒயர்களைப் பாருங்கள்.